உடலிற் கொழுப்பு எவ்வளவு?



2004ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. அதனை எழுதியோர் இருவர். ஒருவர், இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர், இலண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கின். உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கப்படும் உடற்றிணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3 என்று ஒன்றாகவே இருந்தது. அந்தச் சுட்டியை மட்டும் பார்க்கும் வைத்தியர் எவரும் இருவரையும் ஒரே தட்டில் வைத்து, இருவர் உடலும் அளவோடு அமைந்தவை என்றே கூறியிருப்பர். ஆனால், இருவரும் நுண்ணிய கதிர்க் கருவியொன்றின் கீழ்ப் படுத்துத் தம் உடற்கொழுப்பை அளந்தபோது, யட்கின் உடலில் நூற்றுக்கு 9.1 பங்கும், யாஜ்னிக் உடலில் நூற்றுக்கு 21.2 பங்கும் கொழுப்பு இருக்கக் கண்டனர். சுட்டி ஒன்று, கொழுப்போ ஒருவருக்கு மற்றவரைப்போல இருமடங்குக்கும் மேல்.

இந்த வேறுபாடு கற்றோர் தம்முள் பேசி மகிழும் வெறும் விந்தையன்று. பதினெட்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட இளைஞர்களுக்கு இது பெரிதும் வேண்டிய செய்தியாகும். பிற்காலத்தில் தோன்றும் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வித்து விழுவது பெரும்பாலும் அந்தப் பருவத்திலேயே. அப்போது தராசு காட்டும் எண்ணை நம்பி, ‘நான் மெலிந்தவன், எனக்கென்ன குறை’ என்றிருக்கும் இளைஞன் ஏமாறக்கூடும். உடலுழைப்பினால் தசை திரண்ட மற்றோர் இளைஞன், அதே எண்ணால் ‘தடித்தவன்’ என்று தள்ளப்படக்கூடும். தேவையான கொழுப்பையும் குறை எனக் கருதி உணவைச் சுருக்கும் இளம்பெண்ணுக்கு நேரும் தீங்கு இவ்விரண்டிலும் பெரிது. ஆகவே, உடற்கொழுப்பை அளக்கும் முறைகள் எவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பனவற்றை ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலில், கொழுப்பு நம் பகையன்று என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி சக்தியைத் தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகின்றது. பஞ்ச காலத்துக்கென உடல் கட்டிவைத்த களஞ்சியம் அது. உள்ளுறுப்புகளுக்கு மெத்தையாகவும், உடற்சூட்டைக் காக்கும் போர்வையாகவும் அது உதவுகின்றது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெப்ரி பிரீட்மன் என்பவரின் ஆய்வுக்குழு, கொழுப்பிழையம் சுரக்கும் லெப்ரின் என்னும் பொருளுக்குரிய பரம்பரை அலகைக் கண்டறிந்தது. கொழுப்பு வெறும் சேமிப்பன்று, பசியையும் சக்திச் செலவையும் குறித்து மூளைக்குச் செய்தி அனுப்பும் ஓர் உறுப்புமாகும் என்பது அதன்பின் தெளிவாயிற்று. ஆணின் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கும், பெண்ணின் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கும் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத கொழுப்பு என்று மதிப்பிடுவர். உணவு போதாமல் கொழுப்புங் கரைந்துபோன இளம்பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுவதும், என்புகள் நலிவதும் வைத்தியர்கள் நன்கறிந்தவை. ஆதலால், ‘கொழுப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று’ என்ற எண்ணம் தவறானது.

சரி, அந்தக் கொழுப்பை எவ்வாறு அளப்பது? உண்மையைச் சொன்னால், உயிருள்ள மனிதனின் கொழுப்பை நேராக எடுத்துத் தராசில் வைத்து நிறுக்க எவராலும் இயலாது. இறந்தபின் உடலைக் கூறுகூறாகப் பிரித்து நிறுப்பது ஒன்றே நேரான வழி. பெல்ஜிய நாட்டின் பிரசெல்ஸ் நகரில் நடைபெற்று 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், இருபத்தைந்து உடல்கள் அவ்வாறு பிரிக்கப்பட்டுத் தோல், கொழுப்பிழையம், தசை, என்பு என வேறுவேறாக நிறுக்கப்பட்டன. உயிருள்ளோருக்கு அது கூடாதாகையால், நாம் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பை ஊகித்து அறிகின்றோம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்றது இது. ஒரு முறை நீரில் உடலின் நிறையை அளக்கும். மற்றொன்று தோல்மடிப்பின் தடிப்பை அளக்கும். இன்னொன்று மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடையை அளக்கும். அளந்ததிலிருந்து கொழுப்புக்குப் பாலம் அமைப்பது ஓர் எடுகோள். அந்த எடுகோள் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று அறிந்தவரே அந்த முறையை அறிந்தவர்.

எல்லாவற்றிலும் எளிது உடற்றிணிவுச் சுட்டி. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 1.70 மீற்றர் உயரமும் 65 கிலோகிராம் நிறையும் உடைய ஒருவருக்கு அது 22.5 ஆகும். வளர்ந்தோரின் நிறை உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுகின்றது என்பதை, பெல்ஜிய நாட்டுக் கணிதரும் வானியலாளருமான அடோல்ப் கெற்றலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டார். அவர் தேடியது சராசரி மனிதனின் இலக்கணத்தை, கொழுப்பை அன்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்றொழிலியலறிஞர் அன்செல் கீஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஆராய்ந்து, இதற்கு இன்றுள்ள பெயரை இட்டனர். பெருந்தொகையான மக்களை ஒப்பிடுவதற்கு ஏற்ற எளிய அளவையாகவே அவர்கள் இதனைப் பரிந்துரைத்தனர். நாளடைவில் அது தனிமனிதரைத் தீர்ப்பிடும் கோலாகவும் மாறிவிட்டது.

அவ்வாறு தீர்ப்பிடுவதன் குறையை அதற்கு முன்னரே ஒருவர் காட்டியிருந்தார். அவர் அமெரிக்கக் கடற்படை வைத்தியரான அல்பேட் பென்கே. 1942ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவரும், அமெரிக்க முறைக் காற்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட இருபத்தைந்து வீரர்களைப் பரிசோதித்தனர். உயர நிறை அட்டவணைப்படி அவர்களுள் பதினேழு பேர் மிகைநிறை உடையோர். படைச் சேவைக்குத் தகாதோர். ஆனால், அவர்களின் உடலடர்த்தியை அளந்தபோது, அந்தப் பதினேழு பேரில் பதினொருவருக்குக் கொழுப்பு மிகவில்லை என்பதும், மிகையாகத் தோன்றிய நிறை தசையின் நிறையே என்பதும் வெளிப்பட்டன. கல்லும் பஞ்சும் கலந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்து, பஞ்சு எத்தனை என்று சொல்ல முடியாது. உடற்றிணிவுச் சுட்டியின் குறையும் அத்தகையதே.

பென்கே உடலடர்த்தியை எவ்வாறு அளந்தார்? ஆக்கிமிடீஸ் காலத்திலிருந்து நாம் அறிந்த வழியால்தான். நீரில் அமிழ்ந்த பொருள், தான் இடம்பெயர்த்த நீரின் நிறையளவுக்குத் தன் நிறையில் குறைந்து தோன்றும். தேங்காயெண்ணெய் நீரில் மிதப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கொழுப்பின் அடர்த்தி நீரினும் குறைவாக, ஒரு கனசென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.9 கிராமாக இருப்பதே அதன் காரணம். கொழுப்பு நீங்கிய மற்ற இழையங்களின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 கிராம். ஆகவே, முழு உடலின் அடர்த்தி தெரிந்தால், இவ்விரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று கணக்கிடலாம். வில்லியம் சிறி என்னும் அமெரிக்க அறிஞர் அமைத்த சமன்பாடு இதற்குப் பெரிதும் வழங்குகின்றது: 495ஐ அடர்த்தியால் வகுத்து, 450ஐக் கழித்தால், நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்பது கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. தரையில் 70 கிலோகிராம் நிறையுடைய இளைஞன் ஒருவன், மூச்சை முற்றாக வெளிவிட்டு நீரில் முழுதும் அமிழ்ந்திருக்கும்போது, தராசு 3 கிலோகிராம் காட்டுகின்றது என்று கொள்வோம். அவன் இடம்பெயர்த்த நீர் 67 இலீற்றர். ஆனால், எவ்வளவு முயன்று மூச்சை விட்டாலும் நுரையீரலில் சிறிது காற்று தங்கியே இருக்கும். அது 1.3 இலீற்றர் என்றால், உடலின் உண்மைக் கனவளவு 65.7 இலீற்றர். கணக்கிட்டால் கொழுப்பு நூற்றுக்கு 14.6 பங்கு என்று வரும். அந்தக் காற்றை 1.1 இலீற்றர் என்று பிழையாகக் கொண்டால் விடை 16 ஆகும். காற்றைக் கணக்கில் எடுக்கவே மறந்தால், விடை ஏறத்தாழ 24க்கு உயர்ந்துவிடும். எஞ்சிய மூச்சுக்காற்றைச் சரிவர அளக்காமல், நீரில் நிறுப்பதனால் மட்டும் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

இம்முறையின் எடுகோள், கொழுப்பு நீங்கிய உடலின் அடர்த்தி எல்லோருக்கும் 1.1 என்பதாகும். இளமைப் பருவத்தில் இது எப்போதும் உண்மையன்று. இருபது வயதுகளிலும் என்புகளில் கனிப்பொருள் சேர்ந்துகொண்டேயிருக்கும். கடும் பயிற்சி பெற்ற வீரரின் என்பும் தசையும் அந்த எண்ணினும் அடர்த்தி மிக்கவையாக இருத்தல் கூடும். அத்தகையோருக்குச் சமன்பாடு உண்மையிலும் குறைந்த கொழுப்பையே காட்டும். முழு உடலின் அடர்த்தி 1.1ஐக் கடந்துவிட்டால், கொழுப்பு பூச்சியத்துக்கும் கீழே என்ற நகைப்புக்குரிய விடை வரும். மேலும், நீருள் மூச்சடக்கி அசையாதிருத்தல் எல்லோருக்கும் எளிதன்று.

இந்த இடரை நீக்கும்பொருட்டு, நீருக்குப் பதிலாகக் காற்றைக் கொண்டு கனவளவை அளக்கும் அறை 1995ஆம் ஆண்டளவில் பயன்பாட்டுக்கு வந்தது. முட்டை வடிவான மூடிய அறையொன்றில் மனிதன் அமர்கின்றான். அறையின் கனவளவு சிறிதளவு மாற்றப்படும்போது அமுக்கம் எவ்வளவு மாறுகின்றது என்று கருவி அளக்கின்றது. அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் உள்ள தொடர்பை நாம் பள்ளியில் போயிலின் விதியாகக் கற்றிருக்கின்றோம். அத்தொடர்பினால் மனிதன் அடைத்துக்கொண்ட இடம் தெரியவருகின்றது. உடலை ஒட்டிய உடையும் தலைமயிரை அடக்கும் தொப்பியும் அணிந்தே அமரவேண்டும். தளர்ந்த உடையிலும் மயிரிலும் சிக்கிய காற்று அளவைப் பிழையாக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆயினும், அடர்த்தியிலிருந்து கொழுப்பைக் கணிக்கும் எடுகோள் நீர்முறையின் எடுகோளே. வழி வசதியாயிற்று, பாலம் மாறவில்லை.

இனி, தோல்மடிப்பு முறை. கொழுப்பில் கணிசமான பகுதி தோலின் கீழ் அமைந்துள்ளது. தோலை இரு விரல்களால் பற்றித் தூக்கி, அதன் தடிப்பை ஓர் இடுக்கியால் அளந்தால், அது மொத்தக் கொழுப்பின் அளவைக் குறிக்கும் என்பது இதன் எடுகோள். இடுக்கியின் அமுக்கம் சதுர மில்லிமீற்றருக்கு 10 கிராம் என்று வகுக்கப்பட்டுள்ளது. 1974ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய டேணின், வோமேஸ்லி என்னும் இருவரும், பதினாறு வயது முதல் எழுபத்திரண்டு வயது வரையுள்ள 481 ஆண் பெண்களிடம் தோல்மடிப்பையும் உடலடர்த்தியையும் அளந்து, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனித்தனிச் சமன்பாடுகளை வெளியிட்டனர். மேற்கையின் முன்புறம், பின்புறம், தோட்பட்டை என்பின் கீழ், இடுப்பென்பின் மேல் என நான்கு இடங்களில் அளந்து கூட்டுவது அவர்கள் முறை. இருபது வயதுகளில் உள்ள ஆணுக்குக் கூட்டுத்தொகை 40 மில்லிமீற்றர் என்றால், கொழுப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 16 பங்கு. அதே வயதுப் பெண்ணுக்கு அதே 40 மில்லிமீற்றர், ஏறத்தாழ 24 பங்கைக் குறிக்கும். பெண்ணின் கொழுப்பு உடலில் வேறு வகையாகப் பரந்திருப்பதே இதற்குக் காரணம்.

இடுக்கி மலிவானது, பையில் எடுத்துச் செல்லக்கூடியது, மின்சாரம் வேண்டாதது. பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு மைதானத்திலும் இதனைப் பயன்படுத்தலாம். ஆனால், இங்கே கருவியினும் கைப்பழக்கமே பெரிது. தட்டான் உரைகல்லில் பொன்னை உரைத்துப் பார்ப்பதற்கு எத்தனை பயிற்சி வேண்டுமோ, அத்தனை பயிற்சி இதற்கும் வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தாலும், தசையையும் சேர்த்துப் பிடித்தாலும் அளவு மாறும். இருவர் அளந்தால் இரு விடைகள் வருதலும் உண்டு. அன்றியும், சமன்பாடு எந்த மக்களிடம் பெறப்பட்டதோ அந்த மக்களுக்கே அது நன்கு பொருந்தும். கிளாஸ்கோ மக்களின் அளவைக் கொண்டு நம்மவரை மதிப்பிடும்போது சிறிது எச்சரிக்கை வேண்டும்.

இன்று கடைகளில் விற்கப்படும் பல தராசுகள், ஏறி நின்றவுடன் நிறையோடு கொழுப்பின் அளவையும் காட்டுகின்றன. உடற்பயிற்சி நிலையங்களில் கைகளால் பற்றும் கருவிகளும் உள. இவை மின்தடங்கல் முறையைச் சார்ந்தவை. கொழுப்பு நீங்கிய இழையங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பங்கு நீர். அந்த நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் மின்னோட்டம் அதனூடு எளிதிற் செல்லும். கொழுப்போ மின்னை எளிதிற் கடத்தாது. வினாடிக்கு 50,000 சுழற்சிகளாகத் திசைமாறும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி செலுத்துகின்றது. நாம் அதனை உணர்வதில்லை. ஏற்படும் தடையையும் உயரத்தையும் கொண்டு உடலிலுள்ள நீர் மதிப்பிடப்படுகின்றது. நீரிலிருந்து கொழுப்பற்ற திணிவும், அதனை மொத்த நிறையிலிருந்து கழித்துக் கொழுப்பும் கணிக்கப்படுகின்றன.

ஆகவே, இக்கருவி உண்மையில் அளப்பது நீரை, கொழுப்பையன்று. வெயிலில் வியர்த்து உடல் வரண்டிருந்தால் தடை கூடும். கூடிய தடையைக் கருவி கொழுப்பென்று எண்ணிவிடும். உணவு, உடற்பயிற்சி, தோலின் சூடு, பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியில் உடலில் நீர் தங்குதல் ஆகிய யாவும் விடையை மாற்றும். பாதங்களால் மட்டும் தொடும் தராசில், மின்னோட்டம் ஒரு காலால் ஏறி மறுகாலால் இறங்குகின்றது. எந்த வயிற்றுக் கொழுப்பை நாம் அறிய விரும்புகின்றோமோ, அதனை அது ஏறத்தாழத் தொடாமலே விட்டுவிடுகின்றது. மேலுடலின் அளவு ஊகத்தால் நிரப்பப்படுகின்றது. இருதயத்தில் மின்துடிப்புக் கருவி பொருத்தியிருப்போர் இம்முறையைத் தவிர்த்தல் வேண்டும்.

அடுத்து, யாஜ்னிக்கையும் யட்கினையும் அளந்த கதிர்முறை. இருவேறு சக்தியுடைய எக்ஸ் கதிர்களை உடலினூடு செலுத்தினால், என்பும் தசையும் கொழுப்பும் அவற்றை வெவ்வேறு அளவில் மறிக்கின்றன. அந்த வேறுபாட்டினால் என்புக் கனிப்பொருள், கொழுப்பு, ஏனைய மென்னிழையம் என்ற மூன்றும் பிரித்தறியப்படுகின்றன. முதுமையில் என்பு நலிவதை ஆராய்வதற்கென அமைந்த இக்கருவி, பின்னர் கொழுப்பை அளக்கவும் பயன்பட்டது. கையிலும் காலிலும் வயிற்றுப்புறத்திலும் கொழுப்பு எவ்வளவு என்று வெவ்வேறாகக் காட்டுவது இதன் சிறப்பு. கதிரின் அளவு மார்புக்கு எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்திலும் குறைவு; எனினும் கர்ப்பிணிகளுக்கு இதனைச் செய்வதில்லை. இதற்கும் குறையுண்டு. என்பு மறைக்கும் இடங்களில் கொழுப்பு எவ்வளவு என்பதை, அயலிடத்தைப் பார்த்தே கருவி ஊகிக்கின்றது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே மனிதருக்குச் சற்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. செலவும் பெரிது.

ஆராய்ச்சியாளர் இன்று உரைகல்லாகக் கொள்வது இவற்றுள் ஒன்றையன்று, பலவற்றின் சேர்க்கையையே. அடர்த்தியை நீர்முறையாலோ காற்றறையாலோ அளப்பர். பார ஐதரசன் கலந்த நீரைச் சிறிதளவு பருகச் செய்து, அது உடலில் எவ்வளவு ஐதாகின்றது என்று கண்டு மொத்த நீரை அளப்பர். என்புக் கனிப்பொருளைக் கதிர்முறையால் அளப்பர். கொழுப்பு, நீர், கனிப்பொருள், புரதம் முதலிய எஞ்சியவை என்று உடலை நான்கு கூறாக்கி, முதல் மூன்றையும் இவ்வாறு கணக்கிடுவர். எதை ஊகிக்கவேண்டியிருந்ததோ அதையே அளந்துவிடுவதால், எடுகோள்கள் மிகக் குறைகின்றன. ஆனால், இது ஆய்வுகூடத்துக்கன்றி அன்றாட வாழ்வுக்கு ஏற்றதன்று.

இம்முறைகளை ஒருங்கே வைத்து நோக்கினால் விளங்குவது என்ன? நன்கு பயின்றவர் செய்யும் தோல்மடிப்பு முறையும் மின்தடங்கல் முறையும், தனியொருவருக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை உண்மையிலிருந்து விலகக்கூடும். ‘நூற்றுக்கு 20’ என்று கருவி காட்டினால், உண்மை 16ஆகவும் இருக்கலாம், 24ஆகவும் இருக்கலாம். தசமப் புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கத்தைக் காட்டுவதனால் அது நுட்பமானதாகிவிடாது. நீர்முறை, காற்றறை, கதிர்முறை ஆகியவற்றின் வழு இதனிலும் சிறிது. ஆனால் வழுவே இல்லாத முறை ஒன்றுமில்லை. நூறு மாணவரை அளந்து சராசரி காண்பவருக்கு, ஒருவருக்குக் கூடியதும் மற்றவருக்குக் குறைந்ததும் ஓரளவு சமனாகிவிடும். தன்னொருவனை மட்டும் அளப்பவனுக்கு அந்த ஆறுதல் இல்லை. இன்னொன்று: ஒரு முறையின் விடையை மற்றொரு முறையின் விடையோடு ஒப்பிடல் ஆகாது. சென்ற ஆண்டு இடுக்கியால் 18, இவ்வாண்டு தராசால் 22 என்றால், கொழுப்பு கூடிற்றோ கருவி மாறிற்றோ என்று எவராலும் சொல்ல இயலாது.

இவ்வளவும் கொழுப்பின் அளவைப் பற்றியது. அது எங்கே இருக்கின்றது என்பதோ அளவிலும் முக்கியமானது. தொடையிலும் இடையின் கீழும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பினும், வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சூழ்ந்துள்ள கொழுப்பு தீங்கு மிக்கது. இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாது தடுப்பதில் அதற்குப் பங்குண்டு. இலங்கையர் உட்படத் தென்னாசிய மக்களுக்கு, ஒரே உடற்றிணிவுச் சுட்டியிலும் ஐரோப்பியரிலும் கூடிய கொழுப்பு இருப்பதும், அது வயிற்றுப்புறத்தில் திரள்வதும் பல ஆய்வுகளிற் கண்ட உண்மை. புனே அறிஞரின் உடல் காட்டியதும் இதனையே. ஆகையால், 2004ஆம் ஆண்டில் உலக சுகாதாரத் தாபனத்தின் நிபுணர் குழு, பொதுவாக வழங்கும் 25, 30 என்ற எல்லைகளோடு, ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23, 27.5 என்ற எண்களிலேயே கவனம் தொடங்கவேண்டுமென்று கூறிற்று. நம் நாட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டிற்று. தடித்த மேனியருக்கே நீரிழிவு வரும் என்று நம்பியிருப்பது நமக்குத் தகாது.

நல்லவேளையாக, வயிற்றுப்புறக் கொழுப்பை அறிய உதவும் கருவி, தையற்காரர் ஒவ்வொருவரிடமும் உள்ள அளவுநாடாவே. கடைசி விலாவென்புக்கும் இடுப்பென்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்கவேண்டும். தென்னாசியருள் ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் எட்டினால் எச்சரிக்கை என்பது பன்னாட்டு நீரிழிவுச் சம்மேளனம் வகுத்த எல்லை. இதனிலும் எளிய விதியொன்றும் உண்டு: இடைச்சுற்று, உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்கவேண்டும். 160 சென்ரிமீற்றர் உயரமுடையவருக்கு அந்த எல்லை 80 சென்ரிமீற்றர். பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் நிலையம் 2022ஆம் ஆண்டில் இவ்விதியைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது. 2025ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு நிபுணர் குழு அறிக்கையும், உடற்றிணிவுச் சுட்டியொன்றையே கொண்டு தனிமனிதரை உடற்பருமன் நோயாளர் என்று முடிவுசெய்தல் ஆகாது, இடைச்சுற்று முதலிய வேறோர் அளவினாலோ கொழுப்பை நேரிற் கணிக்கும் முறையினாலோ அதனை உறுதிசெய்தல் வேண்டும் என்று வலியுறுத்திற்று.

இளைஞர்கள் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில. உடற்றிணிவுச் சுட்டியை முதற்படியாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. அதனோடு இடைச்சுற்றையும் சேர்த்து நோக்குங்கள். வீட்டுத் தராசு கொழுப்பின் அளவைக் காட்டுமாயின், காலையில் எழுந்து, மலசலம் கழித்து, உண்ணுமுன் அளந்து, அதே தராசில் அதே வேளையில் சில வாரங்களுக்கு அது ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று மட்டும் பாருங்கள். ஒரு நாளின் எண்ணைக் கண்டு மகிழவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். பயிற்சியாளரிடம் இடுக்கியால் அளப்பித்தால், அடுத்த முறையும் அவரிடமே அளப்பியுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்து, உங்கள் இடைச்சுற்றும் எல்லையைத் தாண்டியிருந்தால், மேனி மெலிந்ததாகத் தோன்றினாலும், இரத்தத்தில் வெல்லத்தின் அளவை வைத்தியரிடம் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனைக்குச் செலவு சிறிது. அதனால் முன்கூட்டி அறியப்படுவதோ ஓர் ஆயுட்கால நோய்.

மாதவிடாய் தடைப்பட்டோ, உடல் சோர்ந்தோ இருக்கும் இளம்பெண்கள், கருவி காட்டும் எண் குறைந்துவருகின்றதே என்று மகிழாமல், தாமதமின்றி வைத்திய ஆலோசனை பெறுதல் வேண்டும். அவர்களுக்கு வேண்டியது மற்றோர் அளவையன்று. போதிய உணவும் உரிய சிகிச்சையுமே.